கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். சில ஆண்டுகளாக அந்த விளம்பரங்களின் கடைசி வரியில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறுகிறது. “அனைவரையும் அரவணைக்கும் பணிச்சூழல்” என்று ஒரு நிறுவனம் போடுகிறது. “எல்லோரும் நம்மவர் என்று உணரும் இடம்” என்று இன்னொன்று போடுகிறது. நல்ல வாசகங்கள்தான். இப்படி எழுத வேண்டும் என்று ஒரு நிறுவனத்துக்குத் தோன்றுவதே பெரிய விஷயம். ஆனால் அந்த வரியை எழுதுகிறவர் ஒருவர், அதை அன்றாடம் நடத்திக் காட்ட வேண்டியவர் இன்னொருவர். பிரிவுத் தலைவர், குழுத் தலைவர், ஷிஃப்ட் பொறுப்பாளர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, பத்து இருபது பேரை நேரடியாக வைத்து வேலை வாங்குகிறவர் அவர். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சிறு வயதில் வந்த கடும் காய்ச்சலில் இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் கருவி வைத்தால் ஓரளவு கேட்கும். கருவி என்றதும், கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகத் தெரிவது போல எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கருவி பேச்சைப் பெரிதாக்கும்போது ஏசி இரைச்சலையும், நாற்காலி இழுபடுவதையும், பக்கத்து மேசையில் யாரோ கீபோர்டு தட்டுவதையும் சேர்த்தே பெரிதாக்கும். விட்டுப்போனதை உதட்டைப் பார்த்துத்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். உதட்டிலும் எல்லாம் தெரியாது. ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான். ‘பதில்’ என்றாலும் ‘மதில்’ என்றாலும் வாய் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். க-வும் ங-வும் வாயின் பின்பக்கத்தில் பிறப்பதால் கண்ணுக்கே எட்டாது. முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்து ஊகித்து ஊகித்து, மதியத்துக்குள் மூளை களைத்துப்போகும்.

இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. ஒரு கூட்டம் எப்படி நடக்கிறது என்பதை மற்றவர்களைவிட உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் என்னைப் போன்றவர்களுக்கு உண்டு. யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார், யாருடைய பேச்சு பாதியில் வெட்டப்படுகிறது, யார் வாயைத் திறக்கப் போய் மூடிக்கொள்கிறார் என்பதெல்லாம் எங்கள் கண்ணில் தப்பாது. ஒருவர் தன் வேலையிடத்தில் ஒட்டுகிறாரா இல்லையா என்பது அந்த மேசையைச் சுற்றித்தான் முடிவாகிறது என்பதை இத்தனை காலம் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கூட்ட அறையில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. எங்கள் தலைவர் எப்போதும் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் அவர் முகம் எனக்கு வெறும் நிழலாகத்தான் தெரியும். அவர் ஏதோ சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் “என்ன சொன்னாரு?” என்று கேட்பேன். “ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்” என்பார். அந்த அப்புறம் வராது. கூட்டம் முடிந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். காது கேளாதவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்த அனுபவத்தைச் சொல்லாதவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

அந்தத் தலைவர் கெட்டவர் இல்லை. என்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. என் கணக்கில் குறை சொன்னதில்லை. அதே சமயம், கூட்டத்தில் “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்டதும் இல்லை. மரியாதையோடு ஓரத்தில் உட்கார வைத்திருந்தார் என்று சொல்லலாம். இந்த வகை ஒதுக்கல்தான் அதிகம் நடக்கிறது, புகார் எழுதவும் இதில் ஒன்றும் இருக்காது. என்னவென்று எழுதுவது? ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார் என்றா?

அதே நிறுவனத்தில் டிசம்பர் 3 அன்று சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு விழா எடுத்தார்கள். என்னை மேடையில் ஏற்றிப் பூங்கொத்து கொடுத்தார்கள். உயர் அதிகாரி ஒருவர் ஒலிபெருக்கியில் என்னைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். அரங்கத்தின் எதிரொலியில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. திரையில் வசனம் ஓடவில்லை, பேச்சை முன்கூட்டியே யாரும் தாளில் தரவும் இல்லை. எதிரில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், நானும் கும்பிட்டேன். அன்று என்னைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விழா எடுத்தவர்களின் மனசில் கள்ளம் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் என்னைச் சேர்த்துக்கொள்வது எப்படி என்பதை என்னிடமே கேட்கலாம் என்று அவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றும் மனசை அறுக்கிறது.

ஒதுக்கப்படுவது ஏன் இவ்வளவு ஆழமாகக் குத்துகிறது என்பதை ஆராய்ந்தவர் கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர். ஒருநாள் அவர் நாயோடு பூங்காவில் இருந்தபோது, இருவர் வீசி விளையாடிக்கொண்டிருந்த பறக்கும் தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்களும் அவருக்கு வீசினார்கள். சிறிது நேரம் மூவருமாக விளையாடினார்கள். அப்புறம் அந்த இருவரும் ஒன்றும் சொல்லாமல் தங்களுக்குள்ளேயே வீசிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்கள், சாதாரண விளையாட்டு. ஆனாலும் அவருக்கு அது நன்றாகவே உறைத்தது. பிறகு அதையே கணினியில் பந்து வீசும் ஆட்டமாக்கி ஆய்வு நடத்தினார். 2003-இல் நவோமி ஐசன்பெர்கர், மாத்யூ லீபர்மன் ஆகியோருடன் சேர்ந்து ‘சயன்ஸ்’ இதழில் அவர் வெளியிட்ட ஆய்வில், பந்து தன்னிடம் வராமல் போனவர்களின் மூளையில், உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது தெரிந்தது. திரையில் வரும் பந்துக்கே இப்படி என்றால், நாள் முழுக்கச் சேர்ந்து உட்காரும் மேசையில் பேச்சு நம் பக்கம் வராமலேயே போனால் எப்படி இருக்கும்?

இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது இருந்த பிரிவுத் தலைவர் வேறு மாதிரி. பெரிய பேச்சாளர் இல்லை. இந்த விஷயத்தில் தனிப் பயிற்சி எடுத்தவராகவும் தெரியவில்லை. நான் சேர்ந்த வாரத்தில், முதல் கூட்டத்துக்கு முந்தின நாள் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். “நாளைய கூட்டத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு வசதி? நான் எங்கே உட்கார வேண்டும்?” அந்த இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை இடம் மாற்றுவதோடு அவர் நிறுத்தவில்லை. தானும் இடம் மாறத் தயார் என்கிறார். மறுநாள் மேசையின் தலைப்பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி நீளப்பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று யாருக்கும் விளக்கவில்லை. அதனால் என் காது அன்றைய பேச்சுப்பொருள் ஆகவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. பேச வேண்டிய விஷயங்கள் ஒருநாள் முன்னதாகவே எழுத்தில் வரும். பேச விரும்புகிறவர் கையைத் தூக்க வேண்டும், தலைவர் யாரைக் காட்டுகிறாரோ அவர்தான் பேசலாம். எண்களை வாயால் மட்டும் சொல்லக் கூடாது, பலகையில் எழுத வேண்டும். கணக்குப் பிரிவில் இது சின்ன விஷயம் இல்லை. எழுபதா எண்பதா என்று காது நன்றாகக் கேட்கிறவர்களே தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். காணொளிக் கூட்டம் என்றால் எழுத்துவரி ஓடும் வசதியைத் தொடங்கும்போதே போட்டுவிடுவார். அது பெயர்களையும் தொகைகளையும் கண்டபடி மாற்றிப் போடும் என்பதால், முக்கியமானதை யாராவது ஒருவர் திரையின் பக்கத்தில் உள்ள உரையாடல் பெட்டியில் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த வேலை ஒவ்வொரு வாரமும் ஆள் மாறி வரும். இதையும் கவனித்துச் சொல்ல வேண்டும். குறிப்பெடுப்பது, பிறந்தநாளுக்கு ஏற்பாடு செய்வது போன்ற, பதவி உயர்வுக்கு உதவாத வேலைகள் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. லிண்டா பாப்காக் என்ற பொருளியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். எங்கள் பிரிவில் தலைவருடைய முறை வந்தபோது அவரும் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்.

இவ்வளவும் எனக்காகத் தொடங்கியவை. பலன் எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் குழுவில் வேறு மொழிக்காரர் ஒருவர் இருந்தார். பேச்சு வேகம் பிடித்தால் அவருக்குப் பாதி புரியாது. விஷயம் முந்தின நாளே எழுத்தில் வந்ததும், அகராதி பார்த்துத் தயாராகி வரத் தொடங்கினார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் வாயே திறக்க மாட்டான். கை தூக்கும் முறை வந்த பிறகு, தன்னைவிட உரக்கப் பேசுகிறவர்களோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவை அவனுக்கு இல்லாமல் போனது. வீட்டிலிருந்து காணொளியில் சேர்கிறவர்களும் “நாங்க இருக்கோம்னே யாருக்கும் ஞாபகம் இருக்காது” என்று சொல்வதை விட்டார்கள்.

2010-இல் அனிதா வூலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 699 பேரை இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்துப் பல வேலைகள் கொடுத்துப் பார்த்தார்கள். குழுவில் மிகக் கெட்டிக்காரர் யார் என்பதற்கும் குழு எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதற்கும் தொடர்பு குறைவாகவே இருந்தது. பேச்சு ஓரிருவரிடமே தங்கிவிடாமல் எல்லோருக்கும் முறை வந்த குழுக்களும், அடுத்தவர் மனநிலையைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இருந்த குழுக்களும்தான் நன்றாகச் செய்தன. படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை. எங்கள் மேசையில் அதைத்தான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கூட்டத்தின் முடிவில் தயங்கித் தயங்கிக் கை தூக்கினான். ஒரு சப்ளையருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறது என்றான். பில் எண்ணில் ஒரு இடத்தில் கோடு போட்டும் இன்னொரு இடத்தில் கோடு இல்லாமலும் பதிவாகியிருந்ததால், கணினி இரண்டையும் வேறு வேறு பில்லாக எடுத்துக்கொண்டிருக்கிறது. பணம் போக ஒப்புதல் கொடுத்தவர் பிரிவிலேயே மூத்தவர், அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். அறை அமைதியானது. நான் தலைவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “இவ்வளவு நாளா ஏன் சொல்லலை?” என்று கேட்டிருக்கலாம். மூத்தவரைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அந்தப் பையன் அதற்கப்புறம் கை தூக்கியிருக்க மாட்டான். அவர் கேட்டது, “எப்படிப்பா கண்டுபிடிச்சே? எல்லாருக்கும் காட்டு” என்று. அவன் எழுந்துபோய்ப் பலகையில் இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினான். அந்த மூத்தவரே, “சரிதான், இது என் கண்ணுல படலை. நல்லவேளை பார்த்தே” என்றார். அதன் பிறகு பில் எண்ணைப் பதியும் முறையையே மாற்றினோம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயப் போனார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அப்படிப்பட்ட குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தது அதிர்ச்சியாக இருந்தது. கிளறிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அந்தக் குழுக்களில் தவறை மறைக்காமல் சொல்ல முடிந்தது. மற்ற இடங்களில் தவறுகள் தாளிலேயே ஏறவில்லை. பின்னால் 2006-இல் இங்கிரிட் நெம்பார்டும் எட்மண்ட்சனும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய ஆய்வு என் கடிதத்துக்கு இன்னும் நெருக்கமானது. டாக்டருக்குப் பயமின்றிப் பேச முடிகிற அளவு நர்ஸுக்கு முடியவில்லை. படிநிலை இறங்க இறங்கத் துணிவும் இறங்கியது. ஆனால் பிரிவுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் மற்றவர்களின் கருத்தைக் கேட்டு வாங்கி மதிக்கிறவராக இருந்த இடங்களில் இந்த ஏற்றத்தாழ்வு சுருங்கியது. ஆக, ஒரு மனிதருடைய நடத்தையே அந்த இடத்தின் காற்றை மாற்றுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்காக ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. தோலில் கத்தி வைக்கும் முன்பு செய்ய வேண்டியவற்றில் ஒன்று, அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்வது. உயிர் போகிற அவசரம் உள்ள இடத்தில் பெயர் சொல்ல நேரம் ஒதுக்குகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்துவிட்டவருக்கு, நடுவில் ஏதோ தவறாகப் படும்போது மறுபடி வாய் திறப்பது எளிது. எத்தனை அலுவலகக் கூட்டங்களில் ஒருவர் பெயரைக்கூடச் சொல்லாமல் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, இதிலெல்லாம் தலைவருக்கு என்ன செலவு, நாற்காலி மாறி உட்காருவது பெரிய காரியமா என்று கேட்கலாம். செலவு இருக்கிறது. ஒருமுறை மேலிடத்திலிருந்து ஓர் இயக்குநர் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார். நான் மாதக் கணக்கு முடிக்கும் வேலையில் உள்ள ஒரு சிக்கலை விளக்கிக்கொண்டிருந்தேன். என் பேச்சு கொஞ்சம் நிதானமாகத்தான் வரும், சில எழுத்துகள் சரியாக ஒலிக்காது. அவர் பொறுமை இழந்து குறுக்கிட்டு, என் தலைவரைப் பார்த்து, “நீங்களே சுருக்கமா சொல்லிடுங்களேன்” என்றார். எங்கள் தலைவர் அமைதியாக, “ஒரு நிமிஷம் சார், இது அவங்க பார்க்கிற வேலை. அவங்களே முடிக்கட்டும்” என்றார். இயக்குநரின் முகம் மாறியது எல்லோருக்கும் தெரிந்தது. நான் பேசி முடித்தேன். தன் மேலதிகாரியிடம் தனக்கு இருந்த நல்ல பெயரில் கொஞ்சத்தை எனக்காக அவர் அன்று பணயம் வைத்தார். தனக்குக் கீழே இருப்பவர்களிடம் கனிவாக இருப்பது நல்ல குணம், அது பலரிடம் இருக்கிறது. மேலே இருப்பவரின் முகம் சுளிக்கும் என்று தெரிந்தும் கீழே இருப்பவருக்காக நிற்பது வேறு தரம். தலைமை என்று நான் மதிப்பது அதைத்தான்.

இன்னொன்றும் செய்தார், அது என் காதோடு சம்பந்தப்பட்டது இல்லை. எங்கள் பிரிவில் பில்களைக் கணினியில் ஏற்றும் வேலையை ஒப்பந்தப் பணியாளர்கள் செய்கிறார்கள். அவர்களுடைய அடையாள அட்டையின் பட்டை வேறு நிறம். பிரிவின் மின்னஞ்சல் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அலுவலகம் சீக்கிரம் மூடும் நாளில்கூட அவர்களுக்குத் தகவல் வராது. மற்றவர்கள் கிளம்புவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு பில்லையும் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பதே அவர்கள்தான், அவர்களுக்குத் தெரிவது நமக்கு எப்படித் தெரியும் என்று சொல்லி வாராந்தரக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்தார். விதிமுறையில் இடமில்லை என்று நிர்வாகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. எந்த விதி என்று எழுதிக் கேட்டார். அப்படி ஒரு விதியே இல்லை, பழக்கம்தான் இருந்தது. சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த அநியாயம் அப்படியே இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ‘நம்மவர்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. தன் கைக்கு எட்டியதை அவர் செய்தார்.

நிறுவனங்கள் இந்த விஷயத்தில் பணம் செலவழிக்காமல் இல்லை. வெளியிலிருந்து ஆள் அழைத்துப் பயிற்சி நடத்துகிறார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கடைசியில் கணினியில் சில கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலெவ் என்ற சமூகவியலாளர்கள் 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டு விவரங்களை அலசி 2016-இல் எழுதியதை இந்த நிறுவனங்கள் படிக்க வேண்டும். மேலாளர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களில், ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் மேலாளர் பதவிகளில் வெள்ளையினப் பெண்கள், கறுப்பின ஆண்கள் ஆகியோரின் பங்கு உயரவில்லை. கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்தே போயிருந்தது. கட்டாயப்படுத்திச் சொல்லிக்கொடுத்தால் மனசு முரண்டு பிடிக்கிறது. மேலாளர்களையே வேலையில் இறக்கி, இளையவர் ஒருவரை வழிநடத்தும் பொறுப்பைக் கொடுத்து, முன்னேற்றத்துக்கு அவர்களைப் பதில் சொல்ல வைத்த ஏற்பாடுகள்தான் பலன் தந்தன.

இதை ஏதோ ஒரு சிலருடைய பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. காது கேட்பதில் ஓரளவேனும் குறை உள்ளவர்கள் உலகில் 150 கோடிக்கும் மேல் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 2050-இல் அது ஏறக்குறைய 250 கோடி ஆகும் என்பது அதன் கணிப்பு. உங்கள் வாசகர்கள் வேலை செய்யும் அலுவலகங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். பலர் சொல்வதில்லை. முடியை இறக்கிவிட்டுக் கருவியை மறைத்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். சொன்னால் பதவி உயர்வு தள்ளிப்போகும், முக்கியமான வேலை வேறு கைக்குப் போகும் என்ற பயம். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர், நிறம் பிரித்தறிய முடியாதவர், எழுத்தைக் கோர்த்துப் படிப்பதில் சிரமப்படுகிறவர் என்று இந்தப் பட்டியல் நீளும். “யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருந்தால் சொல்லுங்கள்” என்று தலைவர் பொதுவாக அறிவித்தால் ஒருவரும் வரமாட்டார்கள். கேட்கும் வேலையைத் தலைவர் முதலில் செய்ய வேண்டும். எல்லோரிடமும், தனித்தனியாக, குறை ஒன்றும் இல்லாதவர் போலத் தெரிகிறவரிடமும் சேர்த்தே கேட்க வேண்டும். அப்போதுதான் சொல்கிறவர் தனியாகத் தெரிய மாட்டார்.

சட்டத்தின் மொழியிலும் இது எப்போதோ வந்துவிட்டது. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. அதன் 27-வது பிரிவு வேலை செய்யும் உரிமையைப் பற்றியது. எனவே தலைப்பக்கத்து நாற்காலியைத் தலைவர் விட்டுக்கொடுப்பது அவருடைய பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. நன்றி எனக்கு நிறையவே இருக்கிறது. ஆனால் அடுத்து வரப்போகிற இளம்பெண் ஒருத்தி இப்படி நன்றிக்கடன் பட வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

அந்தத் தலைவர் இப்போது வேறு பிரிவுக்குப் போய்விட்டார். போவதற்கு முன்பு, எங்கள் கூட்டம் நடக்கும் முறைகளை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுத வைத்தார். எழுதியது நாங்கள்தான், அவர் இல்லை. ஒப்பந்தப் பணியாளர்களும் சேர்ந்து எழுதினார்கள். புதிய தலைவர் வந்தபோது அந்தத் தாளைத்தான் முதலில் கொடுத்தோம். அவர் வேறு சுபாவம், வேகமானவர், கை தூக்கிக் காத்திருக்கும் பொறுமை ஆரம்பத்தில் அவருக்கு இல்லை. எங்கள் பையனே ஒருநாள், “சார், அக்கா இன்னும் முடிக்கலை” என்றான். அவர் நிறுத்தினார். இப்போது பெரும்பாலும் அந்த முறைப்படிதான் நடக்கிறது. சில வாரங்களில் நழுவுகிறது, நாங்கள் நினைவூட்டுகிறோம். ஒருவரின் நல்ல மனசையே நம்பியிருந்தால், அவர் இடம் மாறும் அன்றே எல்லாம் அவரோடு போய்விடும் என்பது பழைய தலைவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வேலை விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்களிடம், “நேர்காணலுக்கு உங்களுக்கு என்ன வசதி தேவை?” என்று ஒரு வரியும், அதற்குப் பதில் எழுத ஒரு முகவரியும் சேர்க்கும்படி கேளுங்கள். கடைசி வரியில் இடம்பெறும் அந்த வாசகத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டாலும் எனக்குச் சம்மதமே. அடுத்து, வேலை செய்ய ஏற்ற நிறுவனம் என்று யாருக்காவது விருது கிடைத்தால் அந்தச் செய்தியை நீங்கள் படத்தோடு வெளியிடுகிறீர்கள். அப்போது உங்கள் நிருபரை விருது வாங்கியவரிடம் மட்டும் பேசிவிட்டு வரச் சொல்லாதீர்கள். இரவு ஷிஃப்டில் இருக்கும் ஒப்பந்தப் பணியாளர் ஒருவரிடமும், அங்கே வேலை செய்யும் மாற்றுத்திறனாளி ஒருவரிடமும், அண்மையில் வேலையை விட்டுப் போனவர் ஒருவரிடமும் பேசச் சொல்லுங்கள். கடைசியாக நடந்த கூட்டத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள், அதற்கு உங்கள் தலைவர் என்ன சொன்னார் என்று அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகி

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)